கிராமர் எல்லாம் தெரியுது, ஆனா நானா எழுதுனா வாக்கியம் உடையுது – எப்படி பயிற்சி பண்றது?

வேலன்92:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருந்த விஷயம், இன்னைக்கு கேட்டே ஆகணும்னு எழுதுறேன். ஸ்கூல்ல இருந்தே கிராமர் படிச்சிருக்கேன், 12 டென்ஸ் டேபிளும் மனப்பாடம், ஆக்டிவ் வாய்ஸ்ல குடுத்தா பாஸிவ்ல மாத்திடுவேன், கோடிட்ட இடம் நிரப்ப சொன்னா பத்துக்கு எட்டாவது சரியா வரும். ஆனா நானா நாலு வரி எழுத உட்கார்ந்தா எல்லாம் கலைஞ்சு போகுது. போன வாரம் மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டேன், அவர் திருத்தி திருப்பி அனுப்பிட்டார். திட்டல, நல்ல மனுஷன்தான். ஆனா ஏன் தப்புன்னு கேட்டா "படிக்க சரியா இல்லப்பா"ன்னு மட்டும்தான் சொன்னார். அந்த மெயிலை அப்படியே போடுறேன்:

"ஐ ஆம் வொர்க்கிங் ஆன் திஸ் ப்ராஜெக்ட் சின்ஸ் டூ இயர்ஸ். யெஸ்டர்டே ஒன்லி ஐ காட் தி ரிப்போர்ட். ஐ டோன்ட் நோ வென் வில் தி க்ளையன்ட் ரிப்ளை. இஃப் ஹி வில் ரிப்ளை, ஐ வில் சென்ட் யூ."

எங்க தப்புன்னு சொல்லுங்க, அதைவிட முக்கியமா ஏன் தப்பு பண்றேன்னு சொல்லுங்க. ரூல் தெரிஞ்சும் கை அப்படித்தான் எழுதுது.

கார்த்தி_கே:
ப்ரோ நிறைய படிங்க, சப்டைட்டில் போட்டு படம் பாருங்க, தானா வந்துரும். நான் கிராமர் புக் பக்கமே போனதில்ல. முக்கியமா தமிழ்ல யோசிச்சு மாத்தி எழுதுறதை நிறுத்துங்க, இங்கிலீஷ்லயே யோசிங்க.

நிலவொளி:
கார்த்தி, படிக்க சொன்னீங்களே அது ரொம்ப சரி, அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா "தமிழ்ல யோசிக்காதீங்க"ன்னு சொல்றதை எத்தனையோ பேர் சொல்லி கேட்டுட்டேன், அதை எப்படி செய்யணும்னு ஒருத்தரும் சொன்னதில்ல. சொன்ன உடனே நிக்குற விஷயமா அது? தமிழ் உள்ளே ஓடிக்கிட்டேதான் இருக்கும். அது எந்த இடத்துல இங்கிலீஷோட ஒத்துப்போகுது, எந்த இடத்துல முட்டுதுன்னு தெரிஞ்சா போதும். வேலன் மெயில்ல இருக்குற தப்பு ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு தமிழ் வாக்கியம் இருக்கு, நல்லா கவனிச்சா காதுலயே கேக்கும்.

பழைய_வாத்தியார்:
தம்பி வேலன், முப்பது வருஷத்துக்கு மேல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தவன் நான், இப்ப ஓய்வுல இருக்கேன். உங்க நாலு வரியை வரிவரியா எடுத்துக்கறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல் வரி. நீங்க மனசுக்குள்ள சொன்னது "ரெண்டு வருஷமா இந்த ப்ராஜெக்ட்ல வேலை பார்க்கிறேன்". தமிழ்ல அது நிகழ்காலம், "பார்க்கிறேன்", அதுல எந்த குறையும் இல்ல. "ரெண்டு வருஷமா"ங்கிற சொல்லுல இருக்குற "ஆ" தான் அப்ப ஆரம்பிச்சது இப்பவும் நடக்குதுன்னு சொல்லிடுது, அதனால வினைச்சொல்லுக்கு அந்த வேலை இல்ல. இங்கிலீஷ்ல அந்த பாரத்தை வினைச்சொல்தான் சுமக்கணும், அதனால "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்". அடுத்து சின்ஸ். எவ்வளவு நாளுன்னு அளவு சொன்னா ஃபார், எப்ப ஆரம்பிச்சதுன்னு புள்ளி சொன்னா சின்ஸ். "ஃபார் டூ இயர்ஸ்", "சின்ஸ் 2023". தமிழ்லயே இந்த வித்தியாசம் இருக்கு பாருங்க, "ரெண்டு வருஷமா" வேற, "2023ல இருந்து" வேற. "ல இருந்து"ன்னு சொல்ல முடிஞ்சா சின்ஸ் போடுங்க.

ரெண்டாவது வரி, "நேத்துதான் ரிப்போர்ட் கிடைச்சுது". இந்த "தான்" இருக்கே, என்கிட்ட படிச்ச பிள்ளைங்க எல்லாரையும் இதே இடத்துலதான் இழுத்து விட்டுச்சு. தமிழ்ல "தான்" எந்த சொல்லோட வேணாலும் ஒட்டும், ஒட்டுன சொல்லுக்கு அழுத்தம் குடுக்கும். அதை அப்படியே ஒன்லின்னு மாத்தி அந்த சொல்லுக்கு பின்னாடி ஒட்டிடறோம். ஒன்லிக்கு "மட்டும்"ங்கிற அர்த்தம்தான் முதல்ல வரும். நீங்க சொல்ல வந்தது நேத்து வரைக்கும் கிடைக்கலைங்கிறது. அதனால "ஐ டிட்ன்ட் கெட் தி ரிப்போர்ட் அன்டில் யெஸ்டர்டே". "அவர்தான் சொன்னார்"னா "ஹி ஒன்லி டோல்ட் மீ" இல்ல, "ஹி இஸ் தி ஒன் ஹூ டோல்ட் மீ". "தான்" வர்ற இடமெல்லாம் ஒரு நொடி நின்னு, இங்க என்ன சொல்ல வர்றேன்னு கேட்டுக்கோங்க: மட்டுமா, அது வரைக்கும் இல்லங்கிறதா, வேற யாரும் இல்ல இவர்ங்கிறதா. மூணுக்கும் இங்கிலீஷ்ல மூணு வாக்கியம்.

மூணாவது. "க்ளையன்ட் எப்ப பதில் சொல்வார்?" இது கேள்வி. "க்ளையன்ட் எப்ப பதில் சொல்வார்னு தெரியல" இது கேள்வி இல்ல, தகவல். தமிழ்ல கேள்வியை அப்படியே வச்சு பின்னாடி ஒரு "னு" ஒட்டுனா முடிஞ்சுது, உள்ளே எதுவும் இடம் மாறாது. இங்கிலீஷ்ல கேள்வியா இருந்தா வில் முன்னாடி வரும், "வென் வில் தி க்ளையன்ட் ரிப்ளை". அதையே இன்னொரு வாக்கியத்துக்குள்ள அடைச்சா வில் தன் இடத்துக்கு திரும்பிடணும், "ஐ டோன்ட் நோ வென் தி க்ளையன்ட் வில் ரிப்ளை". "கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி ஃபைல்" தப்பு, "வேர் தி ஃபைல் இஸ்" சரி. தமிழ்ல "னு" வந்துச்சுன்னா இங்கிலீஷ்ல புரட்ட வேண்டாம், அவ்வளவுதான் ரூல்.

நாலாவது வரி எனக்கு ரொம்ப பிடிச்ச வரி, ஏன்னா அதுல முதல் தப்பு தமிழால வந்ததே இல்ல. "அவர் பதில் சொன்னா அனுப்புறேன்". "சொன்னா"வுல எதிர்காலம் எங்க இருக்கு? இல்லவே இல்ல, சொல்லப்போனா பார்க்க இறந்தகாலம் மாதிரி இருக்கு. தமிழை கேட்டிருந்தா நீங்க அங்க வில் போட்டிருக்கவே மாட்டீங்க. நாளைக்கு நடக்குறதுக்கெல்லாம் வில் போடணும்னு டேபிள்ல படிச்சதால போட்டீங்க. "இஃப் ஹி ரிப்ளைஸ்" தான் சரி. ரெண்டாவது தப்பு தமிழால வந்தது. "அனுப்புறேன்"னு சொன்னா போதும் நமக்கு, எதைன்னு பேச்சுலயே புரிஞ்சிடும். "ஐ வில் சென்ட் யூ"ன்னு நிறுத்துனா உங்களையே எங்கேயோ அனுப்பி வைக்கிறேன்னு ஆகிடும். "ஐ வில் சென்ட் இட் டு யூ". அந்த இட் சின்னதுதான், ஆனா விட முடியாது.

வேலன்92:
ஐயா ரொம்ப நன்றி, ரெண்டு தடவை படிச்சிட்டேன். "னு" வந்தா புரட்டாதே, இது இத்தனை வருஷத்துல யாரும் எனக்கு சொல்லல. "தான்" விஷயத்துல பழைய மெயில் எல்லாம் திறந்து பார்த்தேன், ஒரே மெயில்ல மூணு ஒன்லி இருக்கு.

குறிஞ்சி:
வாத்தியார் ஐயா சொன்னதுக்கு கீழே ஒரு அடித்தளம் இருக்கு, அதையும் சேர்த்துக்கலாம்னு தோணுது, நான் மொழியியல் படிக்கிறவ.

"மனுஷன் பாம்பைக் கொன்னான்", "பாம்பை மனுஷன் கொன்னான்", "கொன்னான் மனுஷன் பாம்பை". மூணுலயும் செத்தது பாம்புதான், ஏன்னா "ஐ" உருபு பாம்போட ஒட்டிக்கிட்டு எங்க போனாலும் கூடவே போகுது. இங்கிலீஷ்ல "தி மேன் கில்ட் தி ஸ்னேக்"ல ரெண்டு சொல்லை இடம் மாத்துனா ஆளே செத்துடுவான். அங்க உருபு இல்ல, இடம்தான் உருபு. வினைக்கு முன்னாடி நிக்குறவன் செய்றவன், பின்னாடி நிக்குறது செயப்படுபொருள்.

இதுல எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த பழைய இங்கிலீஷ்லயும் நம்மள மாதிரி பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை விகுதி இருந்துச்சு, சொல்லை ஓரளவு இஷ்டத்துக்கு மாத்தி வைக்க முடிஞ்சுது. 1066ல பிரான்ஸ் பக்கத்துல இருந்து நார்மன்காரங்க வந்து இங்கிலாந்தை பிடிச்ச காலத்துலயே அந்த விகுதி எல்லாம் தேய ஆரம்பிச்சிருந்துச்சு, அடுத்த முன்னூறு நானூறு வருஷத்துல கிட்டத்தட்ட எல்லாமே கொட்டிப்போச்சு. உருபு போனதும் யார் யாரை என்ன பண்ணாங்கன்னு காட்ட இடத்தை இறுக்கிப் பிடிச்சாகணும். ஹி – ஹிம், ஹூ – ஹூம், இதெல்லாம் அந்த பழைய விகுதியோட மிச்சம். அதே மாதிரி நம்ம வினைமுற்றுல "வந்தேன்"னா நான், "வந்தாங்க"ன்னா அவங்கன்னு ஆளும் ஒட்டியே வருது, அதனால எழுவாயை விட்டுடறோம். இங்கிலீஷ்ல "கேம்"ங்கிறதுல ஆளே தெரியாது, அதனால சொல்லியே ஆகணும். மழை பெய்யுதுன்னா கூட "இட் இஸ் ரெய்னிங்", அந்த இட்டுக்கு அர்த்தமே இல்ல, இருந்தாலும் நாற்காலி காலியா இருக்கக்கூடாதுன்னு உட்கார வைக்கிறாங்க.

மாலைநேரம்:
எனக்கு ஆர்ட்டிகிள்தான் தீராத தலைவலி. எங்க எ, எங்க தி, எங்க ஒண்ணுமே வேண்டாம்னு இன்னைக்கு வரைக்கும் குத்துமதிப்பாதான் போடுறேன். தமிழ்ல இதுக்கு ஒத்த ஒண்ணு இருக்கா யாராவது சொல்லுங்களேன்.

குறிஞ்சி:
இருக்கு அக்கா, நாம கவனிக்கிறதில்ல. "புத்தகம் படிச்சேன்"னா ஏதோ ஒரு புத்தகம். "புத்தகத்தைப் படிச்சேன்"னா உங்களுக்கும் எனக்கும் தெரிஞ்ச அந்த புத்தகம். அஃறிணைப் பொருள்ல "ஐ" உருபு வந்தா பெரும்பாலும் அது தி. வராம இருந்தா எ, இல்லன்னா வெறுமனே பன்மை. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆள் பேர்ல "ஐ" எப்பவுமே வரும், எழுவாய்ல வரவே வராது. ஆனா செயப்படுபொருள் இடத்துல சந்தேகம் வந்தா அந்த வாக்கியத்தை தமிழ்ல வாய்விட்டு சொல்லிப் பாருங்க, "ஐ" தானா வருதான்னு. மத்த இடத்துல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: எதைச் சொல்றேன்னு கேக்குறவருக்கு தெரியுமா? தெரியும்னா தி.

நிலவொளி:
குறிஞ்சி இது அருமை! இதே மாதிரி நான் கண்டுபிடிச்ச ஒண்ணு சொல்றேன். "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் வான்டிங்", இதெல்லாம் தப்புன்னு லிஸ்ட்டா மனப்பாடம் பண்ண சொல்வாங்க. லிஸ்ட்டே வேண்டாம். "எனக்கு தெரிஞ்சுக்கிட்டு இருக்கு", "எனக்கு வேண்டிக்கிட்டு இருக்கு"ன்னு நாம சொல்லுவோமா? சொல்ல மாட்டோம். தெரியும், வேணும், பிடிக்கும் மாதிரி "எனக்கு"ன்னு ஆரம்பிக்கிற வினை எல்லாம் ஒரு நிலைமை, நாம செய்ற செயல் இல்ல. அதுக்கு இங்கிலீஷ்ல ஐஎன்ஜி போட கை வந்துச்சுன்னா பெரும்பாலும் நிறுத்திடலாம். "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு"ம் அதே வகைதான். அதுக்கு "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்"னு எழுதுறோம், "ஐ ஹேவ் எ கொஸ்டின்" போதும். டவுட்னு எழுதுனா நீங்க சொன்னதை நான் நம்பலைன்னு கூட எடுத்துக்குவாங்க, ஆபீஸ் மெயில்ல அது கொஞ்சம் விவகாரம்.

இன்னொரு பக்கம் தமிழ் காலை வாருற இடமும் இருக்கு. "அவர் தினமும் காலையில நடப்பார்". நமக்கு பழக்கத்தை சொல்லவும் அதே "ப்பார்", நாளைக்கு நடக்கப்போறதை சொல்லவும் அதே "ப்பார்". அதனால "ஹி வில் வாக் எவ்ரி மார்னிங்"னு எழுதிடறோம், படிக்கிறவர் இனிமேல்தான் ஆரம்பிக்கப் போறார்னு நினைப்பார். பழக்கம்னா "ஹி வாக்ஸ்".

கார்த்தி_கே:
இவ்வளவு யோசிச்சு ஒரு மெயில் எழுதணும்னா ஒரு நாள் ஆகிடுமே? இப்ப எல்லாம் டைப் பண்ணும்போதே ஆப் திருத்தி குடுத்துடுது. குறை சொல்லலைங்க, நிஜமாவே கேக்குறேன்.

பழைய_வாத்தியார்:
நியாயமான கேள்வி தம்பி. மெயில் எழுதும்போது இதை எல்லாம் யோசிக்கக்கூடாது, எழுதிட்டுப் போங்க. பயிற்சிக்குன்னு தனியா ஒரு இருபது நிமிஷம் வைங்க, யோசிக்கிறது அப்ப. ஆப் திருத்துறதுலயும் தப்பில்ல, ஆனா அது சிவப்பு கோடு போட்ட உடனே கிளிக் பண்ணிடாதீங்க. முதல்ல கோட்டை மட்டும் பாருங்க, ஏன் போட்டுச்சுன்னு நீங்களா ஒரு பதில் சொல்லுங்க, அப்புறம் கிளிக் பண்ணுங்க. கண்ணை மூடிக்கிட்டு கிளிக் பண்றவங்க ரெண்டு வருஷம் கழிச்சும் அதே "சின்ஸ் டூ இயர்ஸ்" தான் எழுதிக்கிட்டு இருப்பாங்க.

வேலன்92:
ஐயா அந்த இருபது நிமிஷத்துல சரியா என்ன பண்ணணும்? அதுதான் எனக்கு வேணும். ஒர்க்புக் வாங்கி போட்டா அதுல நல்லாதான் வருது, வெளியே வந்தா வரமாட்டேங்குது.

பழைய_வாத்தியார்:
ஒர்க்புக்ல கேள்விக்கு மேலேயே தலைப்பு இருக்கும், பிரசன்ட் பர்ஃபெக்ட்னு. எந்த டென்ஸ்னு அதுவே சொல்லிடுது, நீங்க உருவத்தை மட்டும் மாத்துறீங்க. நிஜ வாழ்க்கையில தலைப்பு யாரும் போட்டுக் குடுக்க மாட்டாங்க. தேர்ந்தெடுக்குறதுதான் கஷ்டமே, அதை ஒர்க்புக் பழக்குறதே இல்ல.

அதனால உங்க வாக்கியத்தையே ஒர்க்புக் ஆக்குங்க. ஒரு நோட்டு போடுங்க. இடது பக்கம் நீங்க எழுதுன தப்பு வாக்கியம், அதுக்கு கீழே மனசுல ஓடுன தமிழ் வாக்கியம், வலது பக்கம் திருத்துனது. ரூல் பேர் எழுத வேண்டாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு வலது பக்கத்தை மூடிட்டு தமிழை மட்டும் பார்த்து திரும்ப எழுதுங்க, சரியா வந்தா ஒரு வாரம் விட்டு மறுபடி. முப்பது வாக்கியம் சேர்றதுக்குள்ள பாருங்க, முப்பது விதமான தப்பு இருக்காது, அஞ்சு ஆறு தப்புதான் திரும்பத் திரும்ப வேஷம் மாத்தி வந்திருக்கும்.

ஒரே வாக்கியத்தை வேற வேற வடிவத்துக்கு மாத்திப் பழகுறதும் முக்கியம். "ஷி நோஸ் தி ஆன்சர்". இதை இல்லன்னு சொல்லு, கேள்வியா கேளு, நேத்துக்கு மாத்து. "ஷி டஸின்ட் நோ", "டஸ் ஷி நோ", "டிட் ஷி நோ". இங்க கவனிங்க, நோஸ்ல இருந்த எஸ் எங்க போச்சு? டஸ்ல போய் உட்கார்ந்துக்கிச்சு. ஒரே ஒரு எஸ்தான் கையில இருக்கு, ரெண்டு இடத்துல வைக்க முடியாது. "டிட் யூ வென்ட்" ஏன் தப்புன்னா அதே கதைதான், இறந்தகாலத்தை டிட் ஏற்கனவே வாங்கிக்கிச்சு, மிச்சம் இருக்குறது வெறும் கோ. இதை வாய்விட்டு சொல்லணும், மனசுக்குள்ள இல்ல. ஒரு நாளைக்கு அஞ்சு வாக்கியம் போதும்.

நிலவொளி:
நீளமான வாக்கியத்துக்கு நான் பண்றது ஒண்ணு இருக்கு, வாலைப் பிடிக்கிறதுன்னு பேர் வச்சிருக்கேன். இந்த வாக்கியத்தை எடுத்துக்கோங்க:

"நேத்து மீட்டிங்ல கேள்வி கேட்ட பொண்ணு அனுப்புன மெயிலை நான் இன்னும் படிக்கல."

முன்னாடி இருந்து மாத்த ஆரம்பிச்சா "யெஸ்டர்டே மீட்டிங் கொஸ்டின் ஆஸ்க்ட்"னு நாலு சொல்லுலயே மூச்சு முட்டும். அதனால நேரா வாலுக்கு போங்க. "படிக்கல". யாரு? நான். இந்த ரெண்டையும் முதல்ல வைங்க: "ஐ ஹேவின்ட் ரெட்". இப்ப தமிழ்ல ஒவ்வொரு படியா பின்னாடி நடங்க. எதை? மெயிலை, "தி மெயில்" (பாருங்க, "ஐ" உருபு வந்திருக்கு, தி வந்துச்சு). யார் அனுப்புனது? "சென்ட் பை தி வுமன்". எந்தப் பொண்ணு? "ஹூ ஆஸ்க்ட் எ கொஸ்டின்". எங்க? "அட் யெஸ்டர்டேஸ் மீட்டிங்". சேர்த்தா "ஐ ஹேவின்ட் ரெட் தி மெயில் சென்ட் பை தி வுமன் ஹூ ஆஸ்க்ட் எ கொஸ்டின் அட் யெஸ்டர்டேஸ் மீட்டிங்", "இன்னும்"க்கு ஒரு "யெட்" வேணும்னா கடைசியில போட்டுக்கலாம். தமிழ் வாக்கியத்தை கண்ணாடியில பார்த்த மாதிரி அப்படியே தலைகீழா வந்திருக்கு பாருங்க. நம்ம மொழியில விளக்கம் எல்லாம் முன்னாடி வந்து பெயர்ச்சொல் கடைசியில வரும், அங்க பெயர்ச்சொல் முதல்ல, விளக்கம் பின்னாடி. இதை நான் முதல் தடவை கவனிச்சப்ப பஸ்ல உட்கார்ந்து காதுல விழுற தமிழ் வாக்கியத்தை எல்லாம் வாலைப் பிடிச்சு திருப்பிக்கிட்டே வந்தேன், அந்த ஒரு மாசம்தான் என் இங்கிலீஷ் மாறுச்சு.

மாலைநேரம்:
நான் ஒண்ணு சேர்க்குறேன். பெஞ்சமின் பிராங்க்ளின் தன் சுயசரிதையில எழுதியிருக்கார், சின்ன வயசுல அவர் எழுத்து நல்லா வரணும்னு ஸ்பெக்டேட்டர் பத்திரிகை கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தோட கருத்தையும் சின்ன குறிப்பா எழுதி வச்சுட்டு, சில நாள் கழிச்சு கட்டுரையை பார்க்காம குறிப்பை வச்சே முழுசா எழுதிப் பார்ப்பாராம். அப்புறம் மூலத்தோட ஒப்பிட்டு எங்க சறுக்குனோம்னு திருத்துவாராம். பள்ளிக்கூடம் ரெண்டே வருஷம் போனவர். நான் அதையே கொஞ்சம் மாத்தி குறிப்பை தமிழ்ல எழுதுறேன், ஒரு பத்தி மட்டும். ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் தெரியுது, அவங்க ஹேவ் போட்ட இடத்துல எல்லாம் நான் ஹேட் போட்டிருக்கேன். யாரும் சொல்லாம நானே கண்டுபிடிச்சதால அது மறக்க மாட்டேங்குது.

கார்த்தி_கே:
இது எனக்கு பிடிச்சிருக்கு. நான் இத்தனை நாள் படிச்சிட்டே போயிருக்கேன், திரும்ப எழுதிப் பார்த்ததே இல்ல. இன்னைக்கு ஒரு பத்தி எடுத்து முயற்சி பண்ணேன், நாலு ஆர்ட்டிகிளை விட்டுட்டேன், நிஜமாவே அதிர்ச்சியா இருந்துச்சு. நல்லா வருதுன்னு நினைச்சிட்டு இருந்தேன்.

வேலன்92:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். நோட்டுல 34 வாக்கியம் ஆச்சு. வாத்தியார் ஐயா சொன்னது அப்படியே நடந்துச்சு, எண்ணிப் பார்த்தா பதினொண்ணு இட்டை விட்டது, ஒன்பது "னு" தப்பு, மத்தது "தான்", வில், ஆர்ட்டிகிள். டென்ஸ் டேபிள் தப்புன்னு சொல்ல ரெண்டுதான் இருக்கு, நான் வருஷக்கணக்கா அதைத்தான் உருப்போட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு அனுப்புன மெயில் இது, யாரும் திருத்தல, ஆப்பையும் அணைச்சு வச்சிருந்தேன்:

"ஐ ஹேவின்ட் ஹெர்ட் ஃப்ரம் தி க்ளையன்ட் யெட், அண்ட் ஐ டோன்ட் நோ வெதர் ஹி ஹேஸ் சீன் தி ரிப்போர்ட். இஃப் ஹி ரிப்ளைஸ் டுடே, ஐ வில் ஃபார்வர்ட் இட் டு யூ. கேன் வி டிஸ்கஸ் அபௌட் இட் டுமாரோ?"

பழைய_வாத்தியார்:
தம்பி, படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு. "வெதர் ஹி ஹேஸ் சீன்", யாரும் சொல்லிக்குடுக்காம சரியா புரட்டாம விட்டிருக்கீங்க. கடைசி வரியில அபௌட்டை மட்டும் எடுத்துடுங்க.

வேலன்92:
ஐயோ அது ஏன் ஐயா? "அதைப் பத்தி"ன்னா அபௌட் தானே?

நிலவொளி:
"அதைப் பத்தி பேசலாம்"னா "டாக் அபௌட் இட்", அது சரி. ஆனா டிஸ்கஸ்னா "விவாதிக்கலாம்". "அதை விவாதிக்கலாம்", இங்க "ஐ" உருபே போதும், "பத்தி" தேவையில்ல. "டிஸ்கஸ் இட்". எக்ஸ்பிளைன், மென்ஷன், டிஸ்க்ரைப் மூணும் இதே கூட்டம்தான், "அதை விளக்கு", "அதை குறிப்பிடு".

வேலன்92:
35வது வாக்கியம். எழுதிட்டேன்.